சைலன்சர் மாற்றும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாக எஸ்.யு.வி. வாங்கியவர்களிடம் ஆக்சஸரி கடைக்காரர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "கம்பெனி ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் கழற்றிட்டு இதை மாட்டுங்க சார். வண்டி பறக்கும், மைலேஜும் கூடும்." மாட்டலாமா? ஆபீசுக்கும் ஊருக்கும் போய்வரும் எஸ்.யு.வி.க்கு வேண்டாம் என்பதே என் கருத்து. கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைலன்சருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இன்றைய எஞ்சின்களை இயக்குவது இ.சி.யு. எனப்படும் ஒரு சிறிய கம்ப்யூட்டர். காற்றின் அளவு, அழுத்தம், வெப்பம், புகையில் மிஞ்சியுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து அனுப்புகின்றன. இது இன்புட். எவ்வளவு பெட்ரோல் அல்லது டீசலை எப்போது தெளிக்க வேண்டும் என்று இ.சி.யு. இடும் கட்டளை அவுட்புட். நடுவே இருப்பது கம்பெனி எழுதிய சாஃப்ட்வேர்.

டீசல் எஞ்சினுக்குள் எரிப்பதற்குத் தேவையானதைவிட அதிகமான காற்று ஏற்கெனவே போகிறது. பவரை நிர்ணயிப்பது டீசலின் அளவு. டர்போ எஞ்சின் என்றால் காற்றழுத்தத்துக்கும் இ.சி.யு.வே வரம்பு வைக்கிறது. ஆகவே சாஃப்ட்வேரை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றுவது, கேபினட்டில் பெரிய ஃபேன் மாட்டிவிட்டு ப்ராசஸர் வேகமாகிவிட்டது என்று நினைப்பது போலத்தான்.

மைலேஜ் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதித்தது. நவீன இன்ஜெக்ஷன் கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்திருந்தபோதுகூட மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகமெடுப்பது மட்டுமே மந்தமானது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், நல்ல ஃபில்டரைத் தூக்கிவிட்டு வேறு ஒன்றை மாட்டி மைலேஜை எப்படிக் கூட்ட முடியும்?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருக இ.எல்.எம். 327 வகை புளூடூத் அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் இதற்கான அப்ளிகேஷனை நிறுவினால் சென்சார்களின் அளவுகளை நேரடியாகப் பார்க்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதனுடன் இணையும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி என்றால் இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கவனியுங்கள். சமவெளியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது 97 காட்டுகிறது என்று வையுங்கள். ஃபில்டர், குழாய் எல்லாம் சேர்ந்து தடுப்பதே 3 சதவீதம்தான். எத்தனை விலை கொடுத்தாலும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் மீட்க முடியாது. இதே வண்டி ஊட்டிக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 77-க்கு இறங்கிவிடும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

டர்போ வண்டியில் இந்தக் கணக்கு உதவாது. அதில் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். திறந்த கூம்பு ஃபில்டர்கள் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கின்றன. 35 டிகிரி காற்றுக்குப் பதில் 55 டிகிரி காற்று போனால் அதன் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறையும். லாபம் என்று நினைத்தது நஷ்டமாகிவிடும்.

போனை நீங்கள் பார்க்க வேண்டாம். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் குறிக்கட்டும்.

இதே சாக்கெட்டில் செருகினால் பவரும் மைலேஜும் கூடும் என்று சின்ன 'சிப்' ஒன்றையும் விற்கிறார்கள். அத்தகைய ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அது லைட்டை மினுக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று கண்டார்கள். 1995-ல் வந்த சாஃப்ட்ராம் 95 என்ற சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரின் மெமரியை இரட்டிப்பாக்கும் என்றது. விண்டோஸ் 95-ல் அது அப்படி எதுவும் செய்யவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. பொருள்தான் மாறியிருக்கிறது, ஆசை மாறவில்லை.

சைலன்சர் பக்கம்

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் லாபம் சொற்பம். அதுவும் எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான். எஸ்.யு.வி.யை நாம் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஆர்.பி.எம்.மில்தான் ஓட்டுகிறோம். சத்தம் கூடுவதால் வண்டி வேகமாகப் போவது போலத் தோன்றும். சந்தேகம் இருந்தால் ஒரே ரோட்டில், ஒரே கியரில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் 40-லிருந்து 80 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். காதை நம்ப வேண்டாம்.

கன்வெர்ட்டரையே, அல்லது டீசல் வண்டியில் புகை வடிகட்டியையே கழற்றச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமே போகாதீர்கள். பின்னால் உள்ள சென்சார் உடனே இ.சி.யு.வுக்குச் சொல்லிவிடும், டாஷ்போர்டில் எஞ்சின் லைட் எரியும். அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் தெருக் குழந்தைகள்தான்.

சட்டமும் வாரண்டியும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். எஞ்சினில் கோளாறு வந்தால், மாற்றிய பாகத்தைக் காட்டி வாரண்டியை மறுக்கவும் கம்பெனிக்கு வழி கிடைக்கிறது.

எஸ்.யு.வி.க்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பெனி காற்றுக்குழாயின் வாயை உயரத்தில் வைத்திருப்பது மழைத் தண்ணீருக்காகத்தான். குளிர்ந்த காற்று வேண்டும் என்று சில கிட்களில் ஃபில்டரைப் பம்பருக்கு அருகே இறக்குகிறார்கள். தேங்கிய தண்ணீரை எஞ்சின் உறிஞ்சிவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சினையே பிரிக்க வேண்டியதாகிவிடும்.

அப்படியானால் இவை யாருக்குமே பயன்படாதா? பயன்படும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு, இன்டேக், எக்ஸாஸ்ட், சாஃப்ட்வேர் மூன்றையும் ஒன்றாக மாற்றி, முறையாக அளந்து டியூன் செய்தால் பலன் நிச்சயம். புழுதியிலும் ஆற்றிலும் போகும் ஆஃப்-ரோடு வண்டிக்குக் காற்றுக்குழாயைக் கூரை வரை உயர்த்தும் ஸ்நார்கெல் நல்ல ஏற்பாடு. ஆனால் அது எஞ்சினைக் காப்பதற்கு, வேகத்துக்கு அல்ல.

மற்றவர்கள் கம்பெனி ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். கைக்காசு போட்டே ஆக வேண்டும் என்றால் நல்ல டயரில் போடுங்கள். மழையில் பிரேக் பிடிக்கும்போது அதன் அருமை தெரியும்.