பிழைச்செய்தி தராத பிழை

இணைய வழங்கியின் கோளாறுகளில் பல தம்மைத் தாமே அறிவித்துக்கொள்பவை. பக்கம் திறக்காவிட்டால் புகார் எழும், பொறியாளரும் வருவார். கோப்புச் சுருக்கம் செயல்படாதபோது மட்டும் எவரும் வருவதில்லை. பக்கம் பிழையின்றியே வந்து சேர்கிறது; ஆனால் பன்மடங்கு பருத்து வருகிறது. வளாகத்தின் அதிவேக இணைப்பு அந்தச் சுமையை உணர்வதில்லை. கைப்பேசித் தரவை நம்பிப் படிக்கும் மாணவரே உணர்கிறார்.

இந்திய மொழிகளுக்கு இவ்விழப்பு மேலும் பெரிது. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ், தேவநாகரி, வங்கக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லே 15 பைட்டுகள். எனினும், தமிழ்க் குறிகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவது பைட் இரு மதிப்புகளுக்குள் அடங்கும். மீண்டும் மீண்டும் வருவதைச் சுருக்குவதே ஜிசிப் முறையின் அடிப்படை. ஆகவே, சுருக்கத்தால் மிகுதியாகப் பயன்பெறுவனவும் அது இல்லாதபோது மிகுதியாக இழப்பனவும் நம் மொழிப் பக்கங்களே.

காரணங்களோ எளியவை. என்ஜின்எக்ஸ் மென்பொருளின் இயல்பு அமைவில் சுருக்கம் அணைந்திருக்கும். அதை இயக்கினாலும் எச்டிஎம்எல் மட்டுமே சுருங்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசான் ஆகிய வகைகளைத் தனியே குறிப்பிட வேண்டும். இடைநிலை வழங்கி வழியே வந்ததாக அடையாளமிடப்பட்ட கோரிக்கைகளுக்கும் தனி அனுமதி தேவை. மாறாக, ஜேபெக் படங்கள் முன்பே சுருங்கியவை. அவற்றை மீண்டும் சுருக்குவது வீண் உழைப்பு.

2013இல் வெளிப்பட்ட பிரீச் தாக்குதலைக் காட்டிச் சுருக்கத்தையே மறுப்பது பொருந்தாது. மறைகுறியும் பயனர் உள்ளீடும் ஒரே மறுமொழியில் இடம்பெறும் பக்கங்களுக்கே அந்த ஆபத்து உரியது. பொது நூற்பட்டியலுக்கு அன்று.

‘அமைவுக் கோப்பில் இயக்கியுள்ளோம்’ என்னும் விடை சான்றாகாது. வளாகத்துக்கு வெளியிலிருந்து, சாதாரணக் கைப்பேசி இணைப்பில், உலாவியின் உருவாக்குநர் கருவியைத் திறந்து நோக்க வேண்டும்: மறுமொழியில் ‘கன்டென்ட்-என்கோடிங்’ தலைப்பு உள்ளதா? வந்து சேர்ந்த அளவு, விரிந்த அளவைவிடக் குறைவா? சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. அறிவைத் திறந்து வைத்திருப்பதாகக் கூறும் நிறுவனம், அதைப் பெறுவதற்கு மாணவர் செலவிடும் தரவையும் கணக்கில் கொள்ளக் கடமைப்பட்டது.