இருநூறு வெள்ளியும் ஒரு மஞ்சள் தாளும்

2025 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை மாலை. பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் கைப்பேசியில் அழைத்தான். குரலே சரியில்லை.

"மாமா, சம்பளக் கணக்கு தப்பாப் போயிடுச்சு. பதினாலு பேருக்குப் பழைய சம்பளம்தான் போயிருக்கு. ஆனா நான் புரோகிராமை மாத்தினேன் மாமா, சத்தியமா மாத்தினேன்."

அவனுக்கு அது முதல் வேலை. பாசிர் கூடாங் பக்கம் ஒரு லோரி நிறுவனம். முன்பு இருந்தவர் சி மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போன சம்பள மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவன் தலையில் விழுந்தது. அந்த பிப்ரவரி முதல் தேதியிலிருந்துதான், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. பையன் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு எண்ணை மாற்றுவது. மாற்றினான். ஆனால் சம்பளச் சீட்டில் வந்தது 1,500.

"துப்புரவு வேலை செய்யிற அம்மா ஒருத்தங்க சீட்டைக் கையில வச்சிக்கிட்டு, 'தம்பி, இந்த மாசம் கூட வரும்னு சொன்னீங்களே'ன்னு கேட்டாங்க மாமா. என்ன சொல்றதுன்னே தெரியல."

ஞாயிற்றுக்கிழமை நோன்பு மாதம் தொடங்கவிருந்தது. அந்தப் பதினான்கு பேரில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். இருநூறு வெள்ளி என்பது அந்த வாரத்தில் அவர்கள் வீட்டில் என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

தவறு எங்கே?

இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அந்த மென்பொருளில் முக்கியமாக மூன்று கோப்புகள். ஒன்று விகிதம்: குறைந்தபட்சச் சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தங்கள் போன்ற எண்கள் இருக்கும் இடம். இரண்டாவது கணக்கு: அந்த எண்களை எடுத்துச் சம்பளம் போடுவது. மூன்றாவது சீட்டு: அச்சடிப்பது.

நாம் எழுதும் நிரலைக் கணினி அப்படியே ஓட்டுவதில்லை. கணக்கையும் சீட்டையும் தனித்தனியாக கம்பைல் செய்து இயந்திர மொழித் துண்டுகளாக்க வேண்டும். பிறகு துண்டுகளை ஒன்றாக இணைத்து மென்பொருளாக்க வேண்டும். விகிதத்தில் எண்ணை மாற்றினால், அந்த எண்ணை உள்ளே வைத்திருக்கும் கணக்குத் துண்டையும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

இந்தப் படிகளெல்லாம் முன்பு இருந்தவர் திரையோரம் ஒட்டிவிட்டுப் போன ஒரு மஞ்சள் தாளில் இருந்தன. அந்த வெள்ளிக்கிழமை முதலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். கிராணி அக்கா வங்கிக்கு அனுப்பும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பையன் எண்ணை மாற்றினான், கம்பைல் செய்யும் படியைத் தாண்டி நேராக இணைக்கும் படிக்குப் போய்விட்டான். பழைய துண்டுகள் சேர்ந்து 'புதிய' மென்பொருள் உருவானது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கோப்பின் தேதிகூட அன்றைய தேதிதான். உள்ளே மட்டும் 1,500.

"நான் மடையன் மாமா" என்றான்.

"இதே தவறைச் செய்தவர்கள் பெரிய ஆட்கள்டா" என்று சொல்லி ஒரு கதை சொன்னேன். அது உண்மைக் கதை.

1976-இல் ஒரு வாரக் கடைசி

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்றொருவர். 'யாக்' என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர். ஒரு நாள் காலை முழுவதும் ஒரு நிரலில் பிழை தேடித் தேடிச் சோர்ந்துபோனார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மட்டும் மறந்துவிட்டார். கோபத்தோடு சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் போய்ப் புலம்பினார். ஃபெல்ட்மேனும் முந்தைய நாள் மாலையில் இதே தொல்லையில் நேரத்தைத் தொலைத்திருந்தார். அந்த வாரக் கடைசியிலேயே உட்கார்ந்து அவர் எழுதிய கருவிதான் 'மேக்'.

மென்பொருள் உருவாக்கும் படிகளைத் தானாகச் செய்யும் கருவிகளில் இன்றும் பரவலாகப் புழங்குவது அதுதான். 2003-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது ஃபெல்ட்மேனுக்குக் கிடைத்தது.

மேக் செய்யும் வேலை எளிமையானது. எந்தப் பொருள் எதிலிருந்து வருகிறது, அதைச் செய்யும் கட்டளை என்ன என்று 'மேக்ஃபைல்' என்ற கோப்பில் எழுதி வைக்கிறோம். மேக் கோப்புகளின் தேதி, நேரத்தைப் பார்க்கும். மூலப்பொருள் புதிதாகவும் செய்த பொருள் பழையதாகவும் இருந்தால் திரும்பச் செய்யும். மாறாததைத் தொடாது.

முதல் மேக்ஃபைல்

கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவலாம். மேக் கணினியில் ஆப்பிளின் நிரலாக்கக் கருவிகளோடு சேர்ந்தே வரும். விண்டோஸில் இருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் சூழலை நிறுவிக்கொண்டால் வேலை சுலபம்.

நான் பையனிடம் முதலில் கணினியை மூடச் சொன்னேன். அந்த மஞ்சள் தாளைப் பார்க்காமல், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னேன். பிறகு அதையே மேக்ஃபைலாக்கினோம். புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்:

சம்பளமென்பொருள் : கணக்குத்துண்டு சீட்டுத்துண்டு
        இரண்டையும் இணை

கணக்குத்துண்டு : கணக்கு
        கணக்கை கம்பைல் செய்

சீட்டுத்துண்டு : சீட்டு
        சீட்டை கம்பைல் செய்

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் நமக்கு வேண்டிய பொருள். வலப்பக்கம் அதற்குத் தேவையானவை. அடுத்த வரியில் செய்ய வேண்டிய கட்டளை. அந்தக் கட்டளை வரி 'டேப்' விசையோடு தொடங்க வேண்டும். இடைவெளி விசையைத் தட்டினால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று மேக் நின்றுவிடும். முதல் நாளில் எல்லாரும் இதில் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன். கருவி வந்து சில வாரங்களிலேயே ஃபெல்ட்மேனுக்கு இந்த டேப் விதி சங்கடமானது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டார். உலகம் இன்றுவரை டேப் தட்டிக்கொண்டிருக்கிறது.

பையன் 'மேக்' என்று தட்டினான். எல்லாம் வரிசையாக ஓடியது. இன்னொரு முறை தட்டச் சொன்னேன். 'அப் டு டேட்', அதாவது செய்ய எதுவுமில்லை என்று வந்தது. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"இப்போ விகிதத்துல 1,700-ஐ 1,701 ஆக்கிட்டு மேக் தட்டு" என்றேன்.

தட்டினான். 'அப் டு டேட்' என்றே வந்தது.

அவன் என்னைப் பார்த்தான். நான் பேசாமல் இருந்தேன். ஒரு நிமிடம் திரையையே பார்த்துவிட்டு, "மாமா, விகிதத்தை நான் எங்கேயுமே எழுதலையே" என்றான்.

இந்தக் கருவிகளில் புதிதாக நுழைகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். நாம் சொன்னதை மட்டுமே கருவிக்குத் தெரியும். கணக்கு என்ற கோப்பு விகிதத்தையும் சார்ந்தது என்று நாம் எழுதாவிட்டால், மஞ்சள் தாளில் நடந்த அதே தவறு மேக்ஃபைலிலும் நடக்கும். அதுவும் 'எல்லாம் சரி' என்ற செய்தியோடு நடக்கும். இரண்டாவது விதியில் 'கணக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'விகிதம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தான். சீட்டும் அந்த எண்களைப் படிப்பதால் அங்கேயும் சேர்த்தான். மேக் தட்டியதும் இரண்டும் புதிதாக கம்பைல் ஆயின. எண்ணைத் திரும்ப 1,700 ஆக்கினோம்.

கோப்புகள் பெருகும்போது இதைக் கையால் எழுதி மாளாது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலை சி கம்பைலரே எழுதித் தரும் வசதி உண்டு. ஆனால் முதல் மேக்ஃபைலைக் கையால் எழுதுங்கள். அப்போதுதான் என்ன நடக்கிறது என்று புரியும்.

இன்னும் இரண்டு விதிகள்

அன்றிரவு இரண்டு விதிகள் சேர்த்தோம். ஒன்று 'சோதனை'. விடை முன்பே தெரிந்த ஒரு கற்பனைத் தொழிலாளியின் கணக்கை ஓட்டிப் பார்ப்பது. அடிப்படைச் சம்பளம் 1,700 வரவில்லையென்றால் மேக் அங்கேயே நின்றுவிடும். அலுவலகக் கணினிக்கு நகல் எடுக்கும் படி இந்தச் சோதனையைச் சார்ந்தது என்று எழுதிவிட்டோம். முதலாளி எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும், சோதனை தேறாத மென்பொருள் அங்கே போகாது.

இன்னொன்று 'க்ளீன்' என்று வழக்கமாகப் பெயர் வைக்கும் விதி. செய்த துண்டுகளையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதற்கு. சந்தேகம் வந்தால் அதை ஓட்டிவிட்டு மறுபடி மேக் தட்டலாம்.

நகல் எடுப்பதையும் கைக்கு விடாதது ஏன் என்று கேட்டான். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னேன். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்த ஒன்றில் பழைய நிரல் ஓடித் தவறான வர்த்தகங்களைச் செய்து தள்ளியது. ஏறக்குறைய 45 நிமிடத்தில் போனது 440 மில்லியன் டாலருக்கு மேல். அதன் பிறகு அந்த நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் இன்னொன்றோடு இணைந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு

ஜாவா எழுதுகிறவர்களுக்கு மேவன், கிரேடில் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் என்பிஎம் வழியாக இதே வேலையைச் செய்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு மாதம் யோசிக்காதீர்கள். உங்கள் மொழிக்காரர்கள் பெரும்பாலும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதை எடுங்கள். பெயர் மாறும், எழுதும் முறை மாறும். எது எதைச் சார்ந்தது, எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்ற கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

எழுதிய கோப்பை மூல நிரலோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் மஞ்சள் தாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பிறகு ஒரு நண்பரின் கணினியில் எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, ஒரே கட்டளையில் மென்பொருள் உருவாகிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுத மறந்த படி அங்கே தெரிந்துவிடும்.

அன்றிரவு பதினொன்றரைக்குச் சரியான சம்பளச் சீட்டுகள் தயாராயின. பையன் முதலாளியை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னான். அவர் இரண்டு வார்த்தை திட்டினார். மறுநாள் காலையில் பதினான்கு பேருக்கும் மீதிப் பணம் போய்ச் சேர்ந்தது, நோன்புக்கு முந்தைய நாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவன் ஒரே ஒரு சொல்லைத்தான் தட்டுகிறான். அந்த மஞ்சள் தாளை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"இன்னும் அங்கேயேதான் ஒட்டியிருக்கு மாமா. பின்பக்கம் அந்த அம்மாவோட பேரை எழுதி வச்சிருக்கேன்" என்றான்.