ஓட்டுக்கு முந்தின ஓட்டம்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் உண்டு, தெரியுமா? கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மாநிலம் மாநிலமாக மக்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நம் நாட்டிலோ கட்சித் தலைமை பட்டியல் வெளியிடுவதோடு சரி!

அந்த வாக்குப்பதிவுக்குப் பல மாதம் முன்பே கருத்துக் கணிப்புகள் வந்துவிடும். 2007-ஆம் ஆண்டு முழுவதும் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டன்தான் முன்னணி. 2008 ஜனவரி 3-ஆம் தேதி அயோவா மாநிலத்தில் முதல் வாக்குப்பதிவு. அதில் வென்றவர் ஒபாமா! கடைசியில் வேட்பாளரும் அவரே, அதிபரும் அவரே.

கணிப்பு பொய்யா? இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் "வகுப்புத் தலைவர் யார்?" என்று கேட்டால், தெரிந்த பெயரைத்தானே சொல்வீர்கள்? ஹிலாரி முன்னாள் அதிபரின் மனைவி. ஊரே அறிந்த பெயர்.

ஆனால் இந்தக் கணிப்புக்குப் பலம் உண்டு. 2019 ஜூன் மாத விவாதத்தில் கமலா ஹாரிஸ் வெளுத்து வாங்கினார். (அவருடைய தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம்.) கணிப்பில் ஆதரவு மளமளவென்று ஏறியது, சில மாதங்களில் இறங்கியும் விட்டது. ஆதரவு இறங்கினால் நன்கொடையும் குறையும். போதிய பணம் இல்லை என்று டிசம்பரிலேயே விலகினார். அதுவரை ஒரு வாக்குகூடப் பதிவாகவில்லை!

யாரிடம் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். பலதரப்பட்டவர்களாக ஆயிரம் பேர் போதும். ஆனால் சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். திருச்செந்தூரில் உள்ளூர்க்காரர்களே இல்லை என்று கணிப்பு சொல்லிவிடும்!