ரூம் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்!

வெளியூர்ப் பயணம் என்றதும் வீட்டில் எல்லோரும் ஊரைப் பற்றித்தான் பேசுவார்கள். தங்கப் போகிற இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவள் குடும்பத்தலைவி ஒருத்திதான். குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா, வயதானவர்களுக்கு மாடிப்படி ஏற முடியுமா, குளியலறை எப்படி இருக்குமோ என்று அவள் மனசு அடித்துக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போகிற பயணம் அது. அந்த இரண்டு நாள் அவளுக்கும் ஓய்வாக இருக்குமா, இல்லை வீட்டு வேலையே ஊர் மாறி வந்த கதையாகுமா என்பது தங்கும் அறையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் நாங்கள் சென்னையிலிருந்து மைசூருக்குப் போனோம். என் கணவர், மாமியார், பன்னிரண்டு வயது மகன், நான் என்று நாலு பேர். போகும் முன்பே இரண்டு ஓட்டல்களை விசாரித்து வைத்திருந்தேன். ஒன்று ஊருக்குச் சற்று வெளியே. நாள் வாடகை 1,900 ரூபாய். இன்னொன்று அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில், 2,400 ரூபாய். "ஏம்மா, நாலு சுவருக்கு ஐந்நூறு ரூபாய் கூடவா?" என்றார் மாமியார்.

"கணக்குப் போட்டுப் பாருங்க அத்தை" என்றேன். முதல் ஓட்டலில் காலை டிபன் கிடையாது. நாலு பேர் வெளியே சாப்பிட்டால் எப்படியும் 500 ரூபாய். ஊருக்குள் வந்து போக ஆட்டோவுக்கு 300. ஆக மொத்தம் 2,700. இரண்டாவது ஓட்டலில் டிபன் வாடகையிலேயே அடக்கம், ஆட்டோவும் தேவையில்லை. அதிக வாடகை என்று நினைத்த இடத்தில் நாளுக்கு 300 ரூபாய் மிச்சம்! ஒரு விஷயம், டிபன் இலவசம் என்று சொல்வது பல இடங்களில் இரண்டு பேருக்கு மட்டும்தான். கூடுதல் மெத்தை வாங்கினால் அவர்களுக்கும் டிபன் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வரியையும் மறக்காதீர்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. முன்பு 12 சதவிகிதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. சொல்கிற வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, போய்ச் சேரும் நேரம். இரவு ரயிலில் ஏறினால் மைசூரில் விடிகாலையில் இறங்குவோம். ஓட்டலிலோ பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவோம் என்பார்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு குளிக்காமல் கொள்ளாமல் அதுவரை எங்கே உட்காருவது? அதனால் காலையில் கிளம்பும் வந்தே பாரத் ரயிலில் போனோம். சுமார் ஆறரை மணி நேரப் பயணம். மதியம் போய் இறங்கினோம். அறை தயாராக இருந்தது.

கிழமையையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை எல்லா இடத்திலும் கூட்டம், வாடகையும் ஏறும். ஞாயிறு இரவு பெரும்பாலும் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் எரியும். 1892-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் தங்கினோம். விளக்கு பார்த்துவிட்டு மாமியார் மெதுவாக நடந்தே அறைக்குத் திரும்பினார். தசரா சமயத்தில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

சரி, ஓட்டலுக்குப் போயாயிற்று. பெட்டியைத் திறக்கும் முன் அறையைச் சுற்றிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர். "ரெண்டு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் இவர். மாமியாருக்கு ராத்திரி தூக்கம் போனால் மறுநாள் முழுக்க முட்டி வலிதான். நான் கீழே போய், "தம்பி, பின்பக்கம் சத்தமில்லாத அறை இருந்தால் மாற்றிக் கொடுங்கள்" என்று நிதானமாகக் கேட்டேன். தமிழ் தெரிந்த பையன். ஐந்து நிமிஷத்தில் அதே வாடகைக்கு வேறு சாவி வந்தது. சாமான்களைப் பரப்பிவிட்டுக் கேட்டால் இது நடக்காது.

நான் பார்க்கிற விஷயங்களைச் சொல்கிறேன்:

மெத்தையின் தையல் ஓரத்தை விரிப்பை நீக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். உடனே அறையை மாற்றுங்கள்.

குளியலறையில் குழாயைத் திறந்து பாருங்கள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். தரை வழுக்கினால், பெரியவர்கள் போகும் முன் ஈரத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் காஸ் கீசர் இருந்தால் அந்த அறை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, உயிரையே பறித்துவிடும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஜன்னல் கம்பி, பால்கனித் தடுப்பு இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். நாற்காலியைப் பால்கனி ஓரமாகப் போடாதீர்கள். கெட்டிலில் முதல் தடவை கொதித்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை கொதித்ததை ஆறவைத்து உபயோகியுங்கள். இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைப்பையில் இருக்கட்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் அப்படியே கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான், கண்ணளவு கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனையோ பெண்கள் புளிக்காய்ச்சல், பொடி, ஸ்டவ் என்று பாதி சமையலறையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அங்கேயும் சமைத்து, பாத்திரம் கழுவி, துணி அலசிக் காயப்போட்டால் எதற்கு இந்தப் பயணம்? நான் கொண்டு போனது ஒரு டப்பா முறுக்கும், மாமியாரின் மாத்திரைகளும்தான். காலையில் இட்லியைத் தட்டில் வைத்து என் எதிரே யாரோ கொண்டு வந்து வைத்தபோது, அந்த 2,400 ரூபாயில் எனக்குரிய பங்கு கிடைத்துவிட்டது.

அறையைக் காலி செய்யும்போது கதவின் பின்பக்கக் கொக்கி, தலையணை அடி, சுவரில் மாட்டிய சார்ஜர் மூன்றையும் பாருங்கள். அறையைத் துடைத்த பெண்ணின் கையில் உங்களால் ஆனதைக் கொடுங்கள். அவளும் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உலை வைக்கப் போகிறவள்தானே!