காற்றை நம்பிய பந்தயம்

ஒருவன் தன் ஓய்வு நேரத்தை எங்ஙனம் கழிக்கின்றான் என்பதைக்கொண்டு அவன் இயல்பை ஒருவாறு அளந்தறியலாம். தொழிலானது பெரும்பாலும் தேவையால் வந்து வாய்ப்பது. பொழுதுபோக்கோ விருப்பத்தால் நாமே தேடிக்கொள்வது. ஆதலின், பொழுதுபோக்குகளை ஆராய்தல் வீண் வேலையன்று. பொறி ஏதுமில்லாத சிறு விமானத்தை மலைச்சரிவில் எதிர்க்காற்றிலே கையால் வீசி, ரேடியோ அலைகளின் உதவியால் நின்ற இடத்தினின்றே அதனைச் செலுத்தி, பந்தயமும் விடுகின்ற வினோதம் ஒன்று இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, டென்மார்க், அமெரிக்கா முதலிய நாடுகளிற் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. இக்கலத்தைக் கிளைடர் என்பர். இப்பொழுதுபோக்கு அறிவுடையோர் கைக்கொள்ளத் தக்கதா, பந்தயம் என்பது அதனுட் புகுந்து அதன் நலத்தைக் கெடுத்துவிட்டதா என்னும் இரண்டு வினாக்களையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் இக்கலம் விழாமல் நிற்கும் காரணத்தை அறிதல் வேண்டும். பருந்து சிறகசைக்காமல் வெகுநேரம் வானத்திலே வட்டமிடுவதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். அது மாயமன்று, மேலெழும் காற்றில் அது தங்குகின்றது. கடலினின்றோ சமவெளியினின்றோ வீசிவரும் காற்று மலைச்சரிவில் மோதுங்கால், செல்ல வேறு வழியின்றி மேல்நோக்கித் திரும்புகின்றது. நன்கு அமைந்த கிளைடர் அசைவற்ற காற்றில் வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே தாழ்வது. சரிவிலே காற்று அதனினும் விரைவாக மேலெழுமாயின், கிளைடர் காற்றுக்குள்ளே தாழ்ந்துகொண்டிருந்தும், நிலத்தினின்று நோக்குங்கால் உயர்ந்துகொண்டே செல்லும். காற்று நிற்குமளவும் கலமும் நிற்கும். நெருப்பில்லை, புகையில்லை, எண்ணெயில்லை. சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டார்களுக்கு வேண்டிய மின்கலம் ஒன்றே கலத்தினுள் இருப்பது.

இதன் வரலாறும் பெருமை வாய்ந்ததே. ஜெர்மனி தேசத்து ஓட்டோ லிலியென்தால் 1891-ஆம் ஆண்டு முதல் தாம் அமைத்த சிறகுகளைக்கொண்டு குன்றுகளினின்று பறந்து பழகினார்; 1894-இல் பெர்லினுக்கருகே இதற்கெனவே 15 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்றொன்றையும் எழுப்பினார்; 1896-இல் அம்முயற்சியிலேயே வீழ்ந்து உயிர் துறந்தார். அமெரிக்காவில் ஆர்வில் ரைட் 1911 அக்டோபர் 24-ஆம் நாள் கடற்கரை மணற்குன்றின் மேலே பொறியின்றி 9 நிமிஷம் 45 வினாடி காற்றிலேயே தங்கிநின்றார். முதல் உலக யுத்தத்திற்குப்பின், வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையினால் பொறி விமானங்களைச் செய்வது ஜெர்மனியருக்குத் தடைப்பட்டபோது, அந்நாட்டு இளைஞர் பலர் சோர்ந்துவிடாமல் 950 மீட்டர் உயரமுள்ள வாஸ்ஸர்குப்பே என்னும் மலையிலே 1920-இற் கூடிக் கிளைடர்ப் போட்டி நடத்தத் தொடங்கினர். ஒரு கதவு அடைபட, மற்றொரு கதவைத் திறந்துகொண்ட அவர் ஊக்கம் போற்றத்தக்கது. ரேடியோவினாற் சிறு விமானத்தைச் செலுத்தும் வித்தையோ 1930-களில் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் முதலியோரால் வளர்ந்தது. அவ்விருவர் அமைத்த மாதிரி விமானம் பொறியுடையதே எனினும், அவ்வித்தையே பிற்காலத்திற் கிளைடர்களுக்கும் பயன்பட்டது.

முற்காலத்து ரேடியோக் கருவிகளைப்பற்றி இங்கு ஒன்று கூறாமல் விடுதல் இயலாது. ஒவ்வொரு கருவிக்கும் தனியலைவரிசை உண்டு. பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் வரிசை இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருவன் கலம் பறக்கையில் அதே அலைவரிசையில் மற்றொருவன் தன் கருவியை இயக்கினானாயின், முன்னவன் கலம் கட்டுக்கடங்காது தரையில் மோதி நொறுங்கும். அதனால் மலையின்மேல் ஒரு பலகையை நாட்டி, அலைவரிசைக்கு ஒரு முளையாக அதிற் செருகிவைத்து, முளையைக் கையிற் பெற்றவனே கருவியை இயக்கலாம் என்று விதி செய்தனர். காவலரில்லை, அபராதமில்லை, ஒருவர் உழைப்பை மற்றவர் மதித்தலே அவ்விதியின் பலம். இக்காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தாமே ஒன்றோடொன்று மோதாமல் விலகிக்கொள்வதால் பலகைக்குத் தேவை பெரும்பாலும் ஒழிந்தது. அப்பலகை கற்பித்த பண்பிற்கோ தேவை ஒழியவில்லை என்பதே நமது துணிபு.

நிற்க. இனிப் பந்தயத்திற்கு வருவோம். சர்வதேச ஆகாயவிளையாட்டுச் சம்மேளனத்தார் இதனை எஃப்-3-எஃப் என்னும் பெயரால் வகுத்துள்ளனர். மலைவிளிம்பை ஒட்டி 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு எல்லைகள் குறிக்கப்படும். போட்டியாளர் ஒருவர் பின் ஒருவராக வருவர். கலத்தை வீசிய 30 வினாடிக்குள் எல்லைக்குட் புகுந்து, எல்லைகளுக்கிடையே பத்துமுறை ஓடி, ஆக ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடத்தல் வேண்டும். கலம் எல்லையைத் தாண்டிய கணத்தில் நடுவர் ஒலிக்குறி எழுப்புவர்; அக்குறி கேளாமுன் திரும்பியவன் மீண்டு சென்று எல்லையைத் தொட்டே வரவேண்டும். நல்ல காற்றிலே தேர்ந்தவர்கள் இவ்வோட்டத்தை முப்பது நாற்பது வினாடிகளில் முடித்துவிடுவர். மெலிந்த காற்றில் ஒரு நிமிஷத்திற்கு மேலும் ஆகும். இவ்வகையில் முதல் உலகப்போட்டி 2012-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ரூகன் தீவிலே நடைபெற்றது.

இப்பந்தயத்தின்மேற் கூறப்படும் முதற்குற்றம் யாதெனில், காற்று எல்லோருக்கும் ஒன்றாயிராது என்பது. காலையிற் பறந்தவனுக்கு வலிய காற்றும், அடுத்து வந்தவனுக்கு மெலிந்த காற்றும் வாய்க்கக்கூடும். அங்ஙனமாயின் வெற்றி திறமைக்கன்றி அதிர்ஷ்டத்திற்கே உரியதன்றோ என்பர். இவ்வாக்ஷேபம் முற்றும் பொய்யன்று. விதி செய்தோரும் இதனை அறிந்தேயுள்ளனர். காற்றின் வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்குக் குறைந்தாலும், 25 மீட்டருக்கு மிகுந்தாலும், அதன் திசை நேர்திசையினின்று 45 பாகைக்கு மேல் விலகினாலும் ஓட்டம் செல்லாது. ஒவ்வொரு சுற்றிலும் சிறந்தவனுக்கு 1000 மதிப்பெண் வழங்கி, ஏனையோருக்கு அவ்வவர் காலத்திற்கேற்ற வீதப்படி அளிப்பர். சுற்றுகள் பலவாகப் பலவாக அதிர்ஷ்டம் ஒருவனிடமே தங்காது, திறமையே தங்கும்.

இதனினும் மேலான விடை ஒன்றுண்டு. எல்லோருக்கும் ஒரே அளவான களத்தை வாழ்க்கை யாருக்கு அளித்தது? உழவன் மழையைக் கேட்டு வாங்கவில்லை. மாலுமி அலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்த காற்றில் இயன்றதைச் செய்பவனுக்கே இப்பந்தயத்தில் இடமுண்டு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் முன்னோர் களத்துமேட்டிலே கண்ட உண்மையைத்தான் இவர்கள் மலைவிளிம்பிலே காண்கின்றனர்.

கிடைத்த காற்றை அளந்து அதற்கேற்ப முடிவுசெய்தலில் எத்துணை விவேகம் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். காற்று வலுத்தபோது பந்தயக்காரர் தம் கலத்தினுள் ஈயம் அல்லது பித்தளைத் துண்டுகளை இட்டு எடையைக் கூட்டுவர். பறப்பதற்கு எடை பகையன்றோ என நாம் வியக்கலாம். ஆயினும் எடை கூடியவிடத்துக் கலம் சறுக்கும் சரிவு ஏறக்குறைய மாறுவதில்லை. அச்சரிவிலே செல்லும் வேகமே மிகும். அவ்வேகம் எடையின் வர்க்கமூலத்தின்படி ஏறுவது. எடை இருமடங்கானால் வேகம் ஏறக்குறைய 1.41 மடங்காகும். ஆனாற் காற்று மெலிந்துவிடின், அதே பாரம் கலத்தைக் கீழே இழுத்துவிடும். வளைவிலும் இவ்வாறே. வினாடிக்கு 30 மீட்டர் வேகத்திற் செல்லும் கலம் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவிலே திரும்புமாயின், அதன் சிறகுகள் தாங்கவேண்டிய விசை கலத்தின் எடையைப்போல் ஒன்பது மடங்கிற்கும் மேலாகும். பௌதிக சாஸ்திர வகுப்பில் நாம் உறக்கக்கண்ணோடு எழுதிக்கொண்ட சூத்திரங்கள் இங்கே மலையுச்சியில் உயிர்பெற்று நிற்கின்றன. பிழையாகக் கணக்கிட்டவனுக்குச் சிவப்பு மையினாற் குறியிடுவார் எவருமிலர். முறிந்த சிறகே அக்குறி.

இரண்டாவது குற்றம் பணத்தைப் பற்றியது. முன்னாளிற் பால்சா மரத்தையும் மெல்லிய பலகையையும் வாங்கி, இரவெல்லாம் அறுத்து, ஒட்டி, தாள் போர்த்துத் தம் கையாலேயே கலம் சமைத்தனர். இந்நாளிலோ பந்தயத்திற்குரிய கலங்கள் கார்பன் நாரினால் அச்சில் வார்க்கப்பட்டு, ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலச் சிறகுடன் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. கைவினை ஒழிந்து பையின் கனமே வெற்றியைத் தீர்மானிக்கின்றது என்பர் சிலர். இக்குற்றச்சாட்டை நாம் மறுக்கவில்லை. கருவியைச் செய்தறியாதவன் அதன் உள்ளத்தை அறியான். எனினும், இதற்குப் பந்தயத்தையே ஒழித்தல் பரிகாரமாகாது. சிறிய, எளிய கலங்களுக்கெனத் தனி வகுப்புகளை ஏற்படுத்துதலும், புதியவர்களை முதலில் மரத்தாலோ, மோதினும் எளிதில் உடையாத நுரைப்பொருளாலோ ஆன கலங்களைத் தாமே செய்து பழகச் செய்தலும் தக்க பரிகாரங்களாம். சங்கங்கள் பரிசளிக்குங்கால் விரைந்து பறந்தவனுக்கு ஒரு கிண்ணமும், நன்கு செய்தவனுக்கு ஒரு கிண்ணமும் அளிக்குமாயின் இக்குறை பெரிதும் நீங்கும்.

மூன்றாவது ஒன்றுண்டு, இதனைப் பலர் குற்றமாக எடுத்துரைப்பதில்லை, நாமோ இதனையே தலையாயதாகக் கருதுகின்றோம். மலை பந்தயக்காரருக்கு மட்டும் உரியதன்று. வடவேல்ஸில் லாண்டட்னோ நகரின் பக்கத்தே கடலுள் நீண்டு நிற்கும் கிரேட் ஓர்ம் என்னும் 207 மீட்டர் உயரக் குன்று இப்பந்தயத்திற்குப் பேர்பெற்றது. அக்குன்றிலேயே 1902 முதல் டிராம் வண்டியேறி வரும் யாத்திரிகரும், நடந்து உலாவுவோரும், மேயும் செம்மறிகளும், காசுமீர இனத்தின் வழிவந்த காட்டாடுகளும் உள்ளனர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 3 கிலோ எடையுள்ள கலம் ஒருவர்மேற் பட்டால், 39 மீட்டர் உயரத்தினின்று விழுந்த அதே எடைக் கல்லின் தாக்குதலுக்கு அது ஒப்பாகும். ஆதலின், மலையை நோக்கித் திரும்பலாகாது, மலைக்குப் புறம்பாகவே திரும்புக என்பதும், மனிதர் நிற்கும் எல்லைக்கோட்டைக் கலம் கடக்கலாகாது என்பதும் வெறுஞ் சடங்குகள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விதிகள் ஆளில்லா விமானங்களை நிலத்தினின்று 120 மீட்டருக்குள் அடக்கியபோதும், 10 கிலோவுக்குக் குறைந்த கிளைடர்களுக்கு, செலுத்துபவன் நிற்குமிடத்திற்கு மேல் 120 மீட்டரளவும் செல்ல இசைந்து, சரிவின்முன் உள்ள பள்ளத்தைப் பொருட்படுத்தாது விட்டன. இச்சலுகை இவ்விளையாட்டின் தன்மையறிந்து அளிக்கப்பட்டது. ஒருவன் செய்யும் அஜாக்கிரதை இத்தகைய சலுகையையும், நிலவுடையோர் தரும் இசைவையும் எல்லோருக்கும் இல்லாமற் செய்துவிடக்கூடும். முளைப்பலகை கற்பித்த பண்பு ஒழியலாகாது என்று மேலே நாம் கூறியது இதுபற்றியே.

ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட வினாக்களுக்கு விடை இதுவாம். இப்பொழுதுபோக்கு கையையும் கண்ணையும் கணிதத்தையும் ஒருங்கே பயிற்றுவதாதலின் அறிவுடையோர் கைக்கொள்ளத் தக்கதே. பந்தயம் அதனைக் கெடுக்கவில்லை. செய்யும் கை மறவாது, பிறர் இடத்தையும் உயிரையும் மதிக்குமளவும் பந்தயம் அதனைக் கூர்மையாக்கவே செய்யும். அவ்விரண்டையும் இழந்தால், எத்துணை விரைந்து பறந்தாலும் அது வெறும் ஓட்டமே.

மாணவ நண்பர்களே! நம்மிற் பெரும்பாலோர் இக்கலங்களைக் கையால் தொடும் வாய்ப்பில்லாது போகலாம். ஆயினும் வலிய பொறியும் மிக்க செல்வமும் இன்றி ஒன்றும் செய்தற்கியலாது என்று சோர்வு தோன்றும்போதெல்லாம், எதிர்க்காற்றையே ஏணியாகக்கொண்டு ஏறுகின்ற அச்சிறு கலத்தை நினைவு கூர்தல் நன்று. அது காற்றைப் பின்னிட்டு ஓடுமாயின், குன்றின் மறுபுறத்துச் சுழலில் அகப்பட்டு வீழும். காற்றை எதிர்த்து முகங்கொடுத்து நிற்குமளவும் மிதக்கும்.