டெல்பியில் எழுதினால் விண்டோஸோடுதான் கிடக்க வேண்டுமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழி. மியான்மரின் மாவ்பி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானாலும் மதுரையில் ஒரு சின்ன அலுவலகமானாலும், லினக்ஸ் என்றதும் எழும் ஆட்சேபம் ஒன்றுதான்: “டேட்டாபேஸைத் திறந்து திருத்தும் கருவி விண்டோஸுக்கென்றே எழுதியது, அங்கே வராது.” இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ஒன்றும் நிற்காது.

“முழுதும் புதிதாக எழுத வேண்டும்.” வேண்டாம். ஜெர்மானியர் அன்ஸ்கர் பெக்கர் டெல்பி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய ஹைடிஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் கருவி பல்லாண்டுகள் விண்டோஸில் மட்டுமே இருந்தது. ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர், லாசரஸ் உருவாக்கச் சூழல் ஆகியவற்றின் துணையோடு 2025-இல் அதற்கு நேரடி லினக்ஸ் பதிப்பு வந்தது. வினவலைத் தொகுப்பது, அட்டவணையைப் படிப்பது போன்ற வேலைகளுக்கு எந்த இயங்குதளம் என்பது பொருட்டல்ல. விண்டோஸோடு ஒட்டிக்கொண்டிருப்பவை சில இடங்கள்தாம். சாளரம் வரையும் விசிஎல் நூலகத்துக்குப் பதில் லாசரஸின் எல்சிஎல். ரெஜிஸ்ட்ரிக்குப் பதில் ஓர் அமைப்புக் கோப்பு. டிஎல்எல்-க்குப் பதில் லினக்ஸின் எஸ்ஓ கோப்பு. உழைப்பு உண்டு, ஆனால் அது முதலிலிருந்து எழுதும் உழைப்பு அல்ல.

“முன்பே முயன்று தோற்றதுதானே?” டெல்பியை லினக்ஸுக்குக் கொண்டுவர போர்லாண்ட் 2001-இல் கைலிக்ஸை வெளியிட்டது, 2002-இல் வந்த மூன்றாம் பதிப்போடு கைவிட்டது. அங்கே நின்றுபோனது நிறுவனத்தின் ஆர்வம். நிரல் ஓடத்தான் செய்தது. ஃப்ரீ பாஸ்கல் திறந்த மூலம் என்பதால், ஒரு நிறுவனம் கை விரித்தாலும் அது நின்றுவிடாது.

“பர்மிய, தமிழ் எழுத்து உடையும்.” குழப்பம் தரவில்தான், இயங்குதளத்தில் இல்லை. பர்மியத்துக்கான ஸாவ்ஜி எழுத்துரு, யூனிகோடின் மியான்மர் இடங்களையே வேறு எழுத்துகளுக்குப் பயன்படுத்தியது. மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று முறைப்படி யூனிகோடுக்கு மாறிய பிறகும், மாற்றாமல் விட்ட பதிவுகள் யூனிகோடு எழுத்துருவில் விண்டோஸிலும் குழம்பித்தான் தெரியும். தமிழில் பழைய டிஸ்கி குறியாக்கக் கோப்புகளின் கதையும் இதுவே. லினக்ஸில் எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் பர்மியம், தமிழ் இரண்டையும் ஒழுங்காகவே கையாள்கிறது.

மெய்யான தடைகளும் உண்டு. டேட்டாபேஸோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் ஏடிஓ வழி லினக்ஸில் இல்லை. எஸ்கியூஎல் சர்வரோடு பேச ஃப்ரீடிடிஎஸ் போன்ற மாற்று வழி வேண்டும். இன்னொரு தடை: டெல்பி எழுத்துகளை யுடிஎஃப்-16-இல் எண்ணும். லாசரஸ் பெரும்பாலும் யுடிஎஃப்-8-இல் எண்ணும். ‘தமிழ்’ முன்னதில் 5 அலகு, பின்னதில் 15 பைட். நீளத்தை எண்ணும் வரிகளைத் தேடித் திருத்தாவிட்டால் சொல் பாதியில் வெட்டுப்படும்.

ஆகவே “வராது” என்பவரிடம், எந்த நூலகம் தடுக்கிறது என்று கேளுங்கள். ஏடிஓ என்றால் பொறுத்திருக்கலாம். பதிலே இல்லையென்றால், பழைய கணினியை எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம்.