நின்றிருக்கும் வண்டியும் நமது கடமையும்



ஓடாத வண்டிக்குச் செலவில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உண்மையன்று. 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அத்தனை மாதம் கவனிப்பாரின்றி நின்ற பள்ளி வேனின் பேட்டரி பிழைத்திருப்பது அரிது. முதல் வாடகை கைக்கு வருமுன்பே புதிய பேட்டரிக்குக் கடன் தேடவேண்டிய நிலை ஓட்டுநருக்கு எவ்வளவு பாரமானது!

ஈய-அமில பேட்டரி, எதனோடும் இணைக்கப்படாதபோதும், தன் மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாக இழக்கும். நமது சென்னை வெயிலில் அந்த இழப்பு இன்னும் விரைவாகும். இறங்கிய நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படியும். பின்பு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலிமை முழுமையாய்த் திரும்பாது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்பாருண்டு. நான் அதை ஏற்பதில்லை. அவ்வளவு குறுகிய நேரத்தில், இறங்கிப்போன பேட்டரி நிறைவடையாது. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவோர் முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். மாதந்தோறும் வோல்ட்மீட்டரால் பாருங்கள். ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றவேண்டும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. ஆகையால் காற்றோட்டம் அவசியம், நெருப்பு அருகில் வேண்டாம். நீர் ஊற்றும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள், குழாய்நீர் ஆகாது.

திருவேற்காட்டிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஆட்டோவையும் வேனையும் நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். ஒவ்வொருவரும் சார்ஜர் வாங்கவேண்டியதில்லை. ஒரு தெருவுக்கு ஒன்று போதும். அதை வைத்திருப்பவர், கோடை விடுமுறையில் அண்டை வீட்டு வேன் ஓட்டுநருக்கு ஓரிரவு கொடுத்து உதவலாகாதா? பிறர் பிழைப்பைக் காக்கும் இச்சிறு உதவியும் தர்மமே என்பது என் கருத்து.

இன்னொன்று. செத்துப்போன பேட்டரியை, அதை உடைத்து ஈயம் பிரிப்போரிடம் எடைக்குப் போடாதீர்கள். ஈயத்தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படையுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாய்க் கிடைப்பதற்காக, யாரோ ஒரு குழந்தையின் எதிர்காலத்தை நாம் விலைபேச வேண்டாம்.